அணு உலை வாசலில் ஒரு தோசைக்கல்

“நீ சிரிச்சுக்கிட்டே பொய் சொல்றம்மா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளிய கொடி பிடிச்சு நிக்கிறாங்க, நீ உள்ள நின்னு வெல்கம் சொல்ற. எனக்கு வெக்கமா இருக்கு.”

சொன்னது என் மகள் ஜெனி. பதினேழு வயது. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பத்து வரை எண்ணியிருக்க வேண்டும். கான்வென்ட்டில் கேள்வி கேட்ட மூன்றாவது நொடியில் பதில் வராவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். அங்கே படித்தவளுக்கு மூன்றுக்கு மேல் எண்ண வராது. நேராக நடையில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். அவள் அறை ஸ்விட்சைக் கீழே தட்டினேன். “அந்தக் கரண்டும் அங்கேருந்துதான் வருது. வேண்டாம்னா இதுவும் வேண்டாம்!”

மியூனிக் பக்கத்தில் ஜனவரி மாதம். நாலரை மணிக்கே இருட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் கதவின் கீழிடுக்கில் மெழுகுவத்தி வெளிச்சம் ஆடியது. கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்விட்சை மறுபடி மேலே தூக்கிவிட்டேன். அவள் விளக்கைப் போடவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம் கேட்பாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அணு உலையின் பார்வையாளர் கூடத்தில் வழிகாட்டியாக நிற்பது, கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி, நம்பவும் வைத்து, பயப்படாமலும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிற தொழில். ஒரே விஷயத்தை நாளைக்கு நாலு தரம் புதுசு மாதிரி சொல்லுகிற வாத்தியார்களே, கடை விற்பனைக்காரர்களே, தாய்மார்களே, நீங்களும் என் ஜாதிதான். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகச் சப்பாத்தி உருட்டினேன். ஒருநாள் உள்ளூர்ப் பத்திரிகையில், ஆங்கிலமும் பேசத் தெரிந்த வழிகாட்டி தேவை என்று விளம்பரம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை. ஆற்றோரமாக ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். உலைகளை ஒவ்வொன்றாக மூடிவிடுவது என்று நாட்டில் சட்டமே வந்துவிட்ட காலம் அது. மூடப்போகிற கடைக்குத்தான் ஆள் எடுத்தார்கள்.

எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஆசை. ஜெனி ஒரு தடவை வந்து, நான் பேசுவதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பொய் என்று சொல்லட்டும்.

மேகம்

ரயில் வளைவில் திரும்பும்போதே கோபுரம் தெரியும். அதன் தலையில் எப்போதும் ஒரு வெள்ளை மேகம். காற்று இல்லாத காலைகளில் அது நேராக எழுந்து, மேலே போய், என்ன செய்வதென்று தெரியாததுபோல் நின்று, பிறகு மெல்லச் சாய்ந்து வயல்கள் மேல் நிழலாக நகரும். புகை என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. புகை இல்லை, வெறும் நீராவி. உலைக்குள் அணு பிளந்து வருகிற சூடு ஒரு தண்ணீரைச் சூடாக்கும். அது குழாய்க்குள் இருந்தபடியே இன்னொரு தண்ணீரை ஆவியாக்கும். அந்த ஆவி விசிறிபோன்ற சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் கரண்ட் தரும். வேலை முடிந்த ஆவியைக் குளிரவைக்க மூன்றாவதாக ஒரு தண்ணீர். அந்த மூன்றாவது விடுகிற பெருமூச்சுதான் மேகம்.

மியூனிக்கிலிருந்து புதிதாகக் கல்யாணமான தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஐ.டி. வேலை. பையன் மேகத்தோடு அந்தப் பெண்ணை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்தான். அவள் மட்டும் நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டாள். கேட்டுவிட்டு, என் வயதுக்கு நான் சம்மதிக்காத ஒரு முறை வைத்துச் சொன்னாள்: “இவ்வளவு பெரிய சயின்ஸ் எல்லாம் கடைசில சுடுதண்ணி போடத்தானா, ஆன்ட்டி? இதுக்கு எங்க வீட்டு கெட்டில் போதுமே!”

தோசைக்கல்

அணு எப்படிப் பிளக்கிறது என்று காட்ட எனக்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். ஒரு சிவப்புப் பந்து, அதை நோக்கி ஒரு சின்னப் பந்து. இடித்ததும் சிவப்புப் பந்து கண்ணாடிபோல் நொறுங்கும். நொறுங்குவதே இல்லை! யுரேனியத்தின் கரு கண்ணாடி மாதிரி இல்லை, தண்ணீர்த் துளி மாதிரி. சுத்தியலால் அடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு நியூட்ரான், அதாவது படத்திலிருந்த அந்தச் சின்னப் பந்து, மெதுவாக வந்து உள்ளே நுழைந்தாலே போதும். துளி தளும்பும். நீளும். நடுவில் இடுப்பு மெலியும். அப்புறம் இரண்டாகும். இரண்டுமே ஒரே ஜாதி மின்சாரத்தைச் சுமப்பவை; ஒட்டியிருந்தவரை ஒன்றாக இருந்தவை, விட்ட நொடியிலிருந்து ஒன்றை ஒன்று பிடிக்காமல் எதிரெதிர்த் திசையில் பாயும். பாய்ந்து பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் முட்டும். அந்த முட்டல்தான் சூடு. அந்தச் சூடுதான் கரண்ட்.

இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், தோசைக்கல்லில். கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்தால் துளி ஆவியாகாமல் முத்துபோல் மிதந்து ஓடுமே, அது. சில நேரம் ஒரு துளி நீண்டு, மெலிந்து, இரண்டாகி எதிரெதிரே ஓடும். ஒருநாள் வீட்டு இரும்புக்கல்லையும் ஒரு மின் அடுப்பையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். முப்பது பேர் குனிந்து, மூச்சை அடக்கி, ஒரு துளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

எங்கள் கூடத்தில் என்னோடு வேலை செய்கிற ஹெர் க்ராமர், டர்பைன் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எந்தச் சாதனத்துக்கும் முத்திரை, அனுமதிச் சீட்டு, அதற்கு ஒரு விண்ணப்பம் என்று வாழ்கிற மனிதர். “ஃப்ராவ் செல்வின்,” என்றார் அவருடைய நிதான ஜெர்மனில், “இந்த வளாகத்திலேயே அனுமதி இல்லாமல் சூடாகிற ஒரே பொருள் இதுதான்.”

காணாமல் போன எடை

ஃப்ராவ் என்றால் திருமதி. செல்வின் என்பது என் புருஷன் பெயர். இங்கே காகிதத்தில் ஏறியபோது அதுவே எனக்கும் ஜெனிக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. சட்டையில் குத்திய வில்லையிலும் அதுதான்.

பிளந்த இரண்டு துண்டுகளையும், தெறித்த நியூட்ரான்களையும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தராசில் வைத்தால், பழைய எடை வராது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். எங்கேயும் சிந்தவில்லை, யாரும் எடுக்கவில்லை. அந்தக் குறைந்த எடைதான் சக்தியாக மாறிப் போயிருக்கிறது. இந்த இடத்தில் எனக்கே குரல் தாழ்ந்துவிடும். ஒன்றாக இருந்தபோது இருந்த ஏதோ ஒன்று, பிரிந்த பிறகு இரண்டில் எதிலும் இல்லை. வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிடுகிற மேசையை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன் ஒருநாள். கூட்டம் காத்திருந்தது.

முன்வரிசையில் கை கட்டி நின்ற ஒருவர், பக்கத்துக் கிராமத்துக் கசாப்புக் கடைக்காரர், தலையை ஆட்டினார். அவர் பவேரிய ஜெர்மன் எனக்குப் பாதிதான் புரியும், இது முழுக்கப் புரிந்தது: “அம்மணி, வெட்டினதுக்கப்புறம் எடை குறையுதுன்னு என் கடையில் நான் சொன்னால், அடுத்த நிமிஷம் போலீஸ் வரும்.”

பிந்தி வந்த பஸ்

பிப்ரவரியில், நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கிற ஊன்ட்றொப் தமிழ்க் கோயில் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். பவேரியா சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள். எங்கள் கூடத்தில் நுழைவு இலவசம், கழிப்பறை சுத்தம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்கு டெர்மின், முன்கூட்டியே குறித்துக் கொடுத்த நேரம். பதினொன்றரை வரை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது. ஹெர் க்ராமர் கண்ணாடிப் பெட்டிக்குள் எலிப்பொறிகளை வரிசையாக இழுத்துப் பூட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிங்பாங் பந்து வைத்து, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வழியாக வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார். “கோவிக்காதேங்கோ தங்கச்சி. வழியில ஒருதர் பஸ்ஸுக்குள்ள சத்தி எடுத்திட்டார், பிறகு எல்லாருக்கும் பசி.”

“பத்து மணின்னா பத்து மணிதான் அக்கா. அடுத்த குரூப் வந்துடும்.”

“ஓம், ஓம். கெதியாச் சொல்லுங்கோ, நாங்கள் கெதியா விளங்கிறம்.”

கெதியாகவே சொன்னேன். பெட்டிக்குள் ஒரு பந்தைப் போட்டேன். ஒரு பொறி தெறித்தது, இரண்டு, நாலு, அப்புறம் மழை. மூன்று நொடியில் எல்லாம் முடிந்து பந்துகள் மூலையில் உருண்டுகொண்டிருந்தன. ஒரு கரு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான் வரும், ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பிளக்கும். அப்படியே விட்டால் அது குண்டு. உலையில் ஒவ்வொரு பிளப்புக்கும் சராசரியாக ஒன்றைத்தான் அடுத்ததற்குப் போக விடுவோம். மிச்சத்தைக் கட்டுப்பாட்டுக் கோல்களும் மற்றதும் விழுங்கிவிடும்.

“அந்தக் கோலை இறக்கிறதுக்கு முதல் எல்லாம் வெடிச்சு முடிஞ்சிடாதே பிள்ளை?” என்றார் அக்கா. நல்ல கேள்வி. வாத்தியார்மாரே கேட்காத கேள்வி. முடிந்துவிடும்தான், எல்லா நியூட்ரானும் நேரத்துக்கு வந்தால். ஆனால் நூற்றில் ஒன்றுகூடத் தேறாத ஒரு சின்னப் பங்கு, உடனே வராமல், சில நொடி, சில நேரம் ஒரு நிமிஷம்வரை தாமதித்துத்தான் வரும். அவை வந்து சேராமல் ஒன்றுக்கு ஒன்று என்கிற கணக்கு நிறையாதபடி உலையை அமைத்திருக்கிறார்கள். அந்தத் தாமதம்தான் மனிதக் கைக்கும் இயந்திரத்துக்கும் நேரம் கொடுக்கிறது.

அக்கா திரும்பித் தன் பஸ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கைக்கடிகாரத்தை. “அப்ப, பிந்தி வாறவையாலதான் உலகம் எரியாமல் நிக்குது எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி.”

லாக்கரில் ஒரு தாலி

எரிபொருள் மாற்றுகிற வாரத்தில் எங்களையும் ஒரு தடவை உள்ளே கூட்டிப்போனார்கள். பேசுகிறவர்கள் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்று. உள்ளே போகுமுன் உடுத்தியது எல்லாவற்றையும் கழற்றி, அவர்கள் கொடுக்கிற வெள்ளை அங்கியும் ஆரஞ்சு நிறக் காலுறையும் போட வேண்டும். நகை எதுவும் கூடாது. கதிர்ப் பாதுகாப்புப் பகுதியில் இருந்த ஹில்டா என் கழுத்தைக் காட்டினாள். இது கணவர் கட்டினது, சும்மா கழற்றுகிற வழக்கமில்லை என்றேன். விதி விதிதான் என்றாள். மூன்று வரை எண்ணினேன். கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டினேன். தாலி கிடந்த இடத்தில் கதிர் அளக்கிற ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டாள்.

உள்ளே ஒரு குளம். எத்தனையோ தடவை படத்தில் காட்டியிருக்கிறேன், படம் வேறு. விளக்குகளைத் தணித்தார்கள். தண்ணீருக்கடியில் வெகு ஆழத்தில், அன்றைக்குத்தான் உலையிலிருந்து எடுத்த எரிபொருள் தண்டுகள் வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி ஒரு நீலம். வானத்திலும் இல்லாத, மாதாவின் சேலையிலும் இல்லாத நீலம். தண்ணீருக்குள் ஒளி போகிற வேகத்தைவிட வேகமாக ஓடுகிற துகள்கள் போகிற வழியில் விட்டுச் செல்கிற வெளிச்சம் அது. பிளப்பது நின்றுவிட்டது. ஆனாலும் உடைந்த துண்டுகளுக்கு அமைதி இல்லை. இன்னும் ஏதோ ஒன்றை உதறிக்கொண்டே, சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் குளம். வருஷக்கணக்காக அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஜெனி இதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதற்கடுத்தே, பார்த்தால் அவளுக்கு இது அழகாகத் தெரியுமா, பயமாகத் தெரியுமா என்றும். எனக்கு இரண்டுமாகத்தான் தெரிந்தது.

வெளியே வரும்போது ஓர் இயந்திரத்துக்குள் கையையும் காலையும் நீட்டி நின்று, உடம்பில் கதிர்த் தூசு எதுவும் ஒட்டவில்லை என்று அது சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ஹில்டா லாக்கர் சாவியை நீட்டினாள். “உங்கள் கணவர் பத்திரம். இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டிலும் இப்படித்தானா?”

கடைசி வரிசை

மார்ச்சில் ஜெனியின் பள்ளியிலிருந்து அவள் வகுப்பு வருவதாகப் பட்டியலில் இருந்தது. அவள் வருவாளா என்று கேட்கப் புருஷனை அனுப்பினேன். அறைக்குள் போனவர், எதிலும் தாமதமானவர், கால் மணி கழித்து வந்தார். “பாக்கலாம்ங்கிறா.” கால் மணிக்கு அவ்வளவுதான் விளைச்சல்.

வந்தாள். கடைசி வரிசை. ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, அதில் சிரிக்கிற சூரியன் போட்ட, அணு உலை வேண்டாம் என்கிறவர்களின் மஞ்சள் பேட்ஜ். நான் யாரையும் பார்க்காமல் கல்லைக் காயவைத்துத் தண்ணீர் தெளித்தேன். துளி ஓடியது, நீண்டது, மெலிந்தது, இரண்டானது. எல்லோரும் முன்னால் வந்து குனிந்தார்கள், அவளைத் தவிர. நியூட்ரான் வேகமாக வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, தண்ணீரில் முட்டி முட்டி மெதுவானால்தான் கரு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். கடைசியாக, உலையை நிறுத்துவது. “கோல்கள் இறங்கினால் சில நொடியில் பிளப்பது நின்றுவிடும். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு அணைகிற மாதிரி. ஆனால் சூடு அணையாது,” என்றேன். நடையில் இருக்கிற ஃப்யூஸ் பெட்டி கண் முன்னால் வந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. ஊர் பேர் தெரியாதவளைக் கூப்பிடுகிற மாதிரி, வில்லையில் இருந்ததை வாசித்து, ஜெர்மனில் கேட்டாள்: “ஃப்ராவ் செல்வின், அந்தத் துண்டுகள் முழுசாக ஆறுகிற வரைக்கும் அவற்றை எங்கே வைப்பீர்கள்?”

வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் நான் யார் என்று. ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் செத்தது. அந்தக் கேள்விக்குக் கையேட்டில் முக்கால் பக்கப் பதில் உண்டு. இடைக்காலக் கிடங்கு, ஆய்வு, ஆழமான பாறை, தகுந்த இடம் தேடப்படுகிறது. எனக்கு மனப்பாடம். ஆயுசில் முதல்முறையாக மூன்றுக்கு மேல் எண்ணினேன். எண்ணிக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“தெரியாது,” என்றேன். “இங்கே சில வருஷம் தண்ணீரில் வைப்போம். அப்புறம் இரும்புப் பெட்டியில் வைப்போம். அதற்கப்புறம் ஆயிரமாயிரம் வருஷத்துக்கு எங்கே என்று இந்த நாட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.”

அவள் கையை இறக்கினாள். தலையை ஒரு தடவை ஆட்டினாள், நன்றியா இல்லையா என்று தெரியாதபடி. வெளியே போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. நான் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன், இன்னும் சுட்டது. ஹெர் க்ராமர் கிட்டே வந்தார். விதிப்படி என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். “இத்தனை வருஷமாக இங்கே நிற்கிறேன், அந்தக் கேள்விக்கு இவ்வளவு சின்னப் பதிலை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.”

மறுநாள்

சனிக்கிழமை காலை. கல் காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் கால் சத்தம். ஜெனி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். குழாயில் விரலை நனைத்தாள். கல்லில் உதறினாள். துளி ஒரு முத்தாக எழுந்து, ஓரம் வரை ஓடி, திரும்பி வந்து, நடுவில் தயங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஜன்னல் கண்ணாடியில் பனி உருகிக் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. துளி நீண்டது. இடுப்பு நூலாக மெலிந்தது. இரண்டாகி, ஒன்று அவள் பக்கம், ஒன்று என் பக்கம் ஓடி, ஓரத்தில் ஒன்றுமில்லாமல் போனது.

பிளக்க ஒரு நொடியும் ஆற ஆயுசும் பிடிக்கிற ஒரு சரக்கைப் பற்றி ஊருக்கெல்லாம் நிதானமாக விளக்கிச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்று எண்ணுவதற்குள் ஸ்விட்சைத் தட்டுகிறவளுக்குப் பெயர்தான் வழிகாட்டி.

“ஜெனி,” என்றேன், “நேத்து கேட்டியே, அதே கேள்விய இன்னொரு தடவ கேளு. இந்தத் தடவ அம்மான்னு கூப்பிட்டுக் கேளு.”

அவள் விரலை மறுபடி தண்ணீரில் நனைத்தாள்.